தேர் இழுப்பது ஊர்; தேர் செய்தது யார்?

(வலிகாமத்துக் கிராமமொன்றின் வாசிகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)



உங்கள் வாசிகசாலையின் ஆண்டு விழாவுக்கு எம்மை அழைத்து, "மண் கெடாத வாழ்வுக்கு எல்லோரும் பொறுப்பு" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்தமைக்கு முதற்கண் எமது நன்றி உரித்தாகுக.

இவ்விடம் வரும் வழியிலே ஒரு காட்சியைக் கண்டோம். குறுகிய ஒழுங்கை, இருமருங்கும் வேலி, வேலிக் கதியால்களிலே சிக்கிக் காற்றில் படபடக்கும் பொலித்தீன் பைகள், வேலியோரத்திலே அரைகுறையாக எரிந்து கருகிய குப்பைக் குவியல், அதற்குச் சில அடி தள்ளி ஒரு குடிநீர்க் கிணறு. பையையும் நெருப்பையும் கிணற்றையும் ஒருங்கே காட்டிய அந்த ஒழுங்கையே இன்று எமது பேச்சின் பொருள். வேறெங்கும் போய் உதாரணம் தேடவேண்டிய அவசியம் எமக்கு நேரவில்லை.

பொதுப் பொறுப்பு என்னும் பொல்லாத வாசகம்

"எல்லோரும் பொறுப்பு" என்ற வாசகம் செவிக்கு இனியது. பிளாஸ்டிக் ஆலை முதலாளி அதனைச் சொல்கிறார், அமைச்சர் சொல்கிறார், பாடசாலைச் சுவரிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். எவருமே மறுக்காத ஒரு வாசகத்தைச் சற்று ஐயத்தோடு நோக்குவது அறிவுடைமை. எல்லோருக்கும் பொதுவான காணி எவராலும் கொத்தப்படாமற் கிடப்பதுபோல, எல்லோருக்கும் பொதுவான பொறுப்பும் எவராலும் சுமக்கப்படாமற் கிடப்பதை நாம் கண்டு வருகின்றோம்.

ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டும் என்பது எம் முன்னோர் மொழி. தேர்த் திருவிழாவிலே ஆயிரம் பேர் வடம் பிடிக்கின்றனர். ஆயினும் தேர் ஓடுவது வடத்தால் மட்டுமா? சில்லுக்குக் கட்டை போட்டுத் திசை திருப்புபவர் வேறு. தேர் செல்லும் வீதியைச் செப்பனிடுபவர் வேறு. எல்லாவற்றிற்கும் முன்னே அச்சைக் கடைந்து சில்லைப் பூட்டிய தச்சர் வேறு. அச்சு முறிந்து தேர் நடுவீதியில் நின்றுவிட்டால், வடம் பிடித்த கிழவியைப் பார்த்து, "நீ சரியாக இழுக்கவில்லை" என்று எவரேனும் குறை கூறுவரா? தச்சரையன்றோ அழைப்பர்!

குப்பை விடயத்திலோ நாம் கிழவியைத்தான் கடிந்து கொள்கின்றோம். கடையிலே பை வாங்கிய தாய் குற்றவாளி. வீதியிலே உறையை எறிந்த சிறுவன் குற்றவாளி. அந்தப் பையை ஆக்கியவர், இறக்குமதி செய்தவர், விற்க அனுமதித்தவர், அள்ளவேண்டிய கடமையை ஏற்றவர் ஆகிய நால்வரும் மேடையிலே அமர்ந்து தாயாருக்கும் சிறுவனுக்கும் அறிவுரை வழங்குகின்றனர். இந்த முறை நீதியன்று. நீதியன்று என்பதோடு, பயனுள்ளதுமன்று. பொறுப்பு எல்லோருக்கும் உண்டு. ஆனால் அவரவர் கையிலுள்ள அதிகாரத்தின் அளவே அவரவர் பொறுப்பின் அளவு. நாம் சொல்ல வந்தது இவ்வளவே. எஞ்சிய நேரத்தில் அப்பங்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவோம்.

உமல் போன கதை

எம் பாட்டிமார் சந்தைக்குப் போகையில் கையிலே உமல் இருந்தது. மீனுக்குப் பறி, நெல்லுக்கும் மாவுக்கும் கடகம், பனங்கட்டிக்குக் குட்டான், பிட்டுக்கு நீத்துப்பெட்டி. அவை பழுதானால் அடுப்பிலே எரிந்தன. எறிந்தால் மண்ணோடு மண்ணாயின. குப்பை என்ற பெயரை எடுப்பதற்கு முன்பே எருவாகிப் போயின.

அந்த உமலை வீசிவிட்டுப் பொலித்தீன் பையை ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று எம் பாட்டிமார் எந்தக் கூட்டத்திலே தீர்மானம் நிறைவேற்றினார்கள்? எவரும் நிறைவேற்றவில்லை. பொலித்தீன் 1933 ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு இரசாயன ஆய்வுகூடமொன்றிலே தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கடைக்காரர் இன்று ஆணியிலே கொளுவி வைத்திருக்கும் கைபிடிப் பையின் வடிவத்துக்கு 1960களிலே சுவீடன் நாட்டு நிறுவனமொன்று ஆக்கவுரிமை பெற்றது. 1950 இல் உலகம் முழுவதிலும் ஆக்கப்பட்ட பிளாஸ்டிக் ஏறத்தாழ 20 இலட்சம் தொன். இன்று ஆண்டொன்றுக்கு ஆக்கப்படுவது 40 கோடித் தொன்னுக்கு மேல். எழுபத்தைந்து ஆண்டுகளிலே இருநூறு மடங்கு! எம் பாட்டிமாரின் ஆசை இருநூறு மடங்காகப் பெருகியதா? இல்லை. மலிவாக ஆக்கலாம், மலிவாக விற்கலாம், விற்ற பின்னர் அதன் கதியைப்பற்றி எவரும் கேட்கமாட்டார்கள் என்ற துணிவே பெருகியது.

"மீள்சுழற்சி செய்யலாமே!" என்பர் சிலர். 2015 வரையில் உலகிலே சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு முழுவதையும் கணக்கிட்டு அமெரிக்க ஆய்வாளர் 2017 இல் வெளியிட்ட கணக்கின்படி, மீள்சுழற்சி செய்யப்பட்டது நூற்றுக்கு 9 பங்கு மாத்திரமே. 12 பங்கு எரிக்கப்பட்டது. எஞ்சிய 79 பங்கும் குப்பை மேட்டிலோ, வயலிலோ, கடலிலோ கிடக்கின்றது. பொருளை ஆக்கும்பொழுதே அதன் முடிவை எண்ணாதவர், முடிவிலே வந்து மீள்சுழற்சி என்னும் மந்திரத்தை உச்சரிப்பதனால் என்ன பயன்?

சுண்ணக்கல் மறப்பதில்லை

எம் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிலே பொழியும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அதுவே எமது ஆறு. அதுவே எமது குளம். மேலே விழுவது கீழே இறங்கும் நிலம் இது. தோட்டத்து இரசாயன உரத்தினாலும் மலக்குழிகளாலும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று மிகுந்து, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்துள்ளதென்று ஆய்வுகள் நெடுங்காலமாக எச்சரித்து வருகின்றன. அந்த நிலத்தின் மீதுதான் குப்பையையும் குவித்து எரிக்கின்றோம். எரிந்த சாம்பலை அடுத்த மாரி எங்கே கொண்டு செல்லும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

சுன்னாகத்திலே நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மின் உற்பத்தி நிலையத்தின் அயற் கிணறுகளிலே எண்ணெய் கலந்தது. வீட்டு முற்றத்திலே கிணறு இருக்க, மக்கள் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்து வாளியோடு வீதியிலே நின்றனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்கவேண்டும் என்னும் கோட்பாட்டை எடுத்துரைத்த நீதிமன்றம், மின் உற்பத்தி செய்த நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமென 2019 ஏப்பிரில் மாதத்திலே தீர்ப்பளித்தது. தொகை சிறிதாயினும் தத்துவம் பெரிது. "கிணற்றுக்காரரே, நீர் ஏன் கிணற்றை மூடி வைக்கவில்லை?" என்று நீதிமன்றம் கேட்கவில்லை. எண்ணெயை வைத்திருந்தவரைப் பார்த்தே கேட்டது. எமது தேர் உவமையும் இதுவே.

ஆக்குவோர் பங்கு

அந்தத் தத்துவத்தை அன்றாடப் பண்டங்களுக்கும் விரித்தால் என்ன என்று சிந்தித்தவர் உண்டு. பண்டத்தை ஆக்கியவரின் பொறுப்பு விற்பனையோடு முடிவதில்லை. அது குப்பையான பின்னரும் தொடர்கின்றது என்னும் கோட்பாட்டை 1990 ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு அறிஞர் தோமஸ் லிண்ட்குவிஸ்ற் வகுத்தளித்தார். மறு ஆண்டே ஜேர்மனி அதனைப் பொதி உறைகளுக்குச் சட்டமாக்கிற்று: உறையை விற்பவர், அதனைத் திரும்பப் பெறும் செலவையும் ஏற்கவேண்டும். செலவு தம் தலையில் விழுமென்று அறிந்தவுடன், தேவையற்ற உறைகளை ஆக்குவோர் தாமாகவே குறைக்கத் தொடங்கினர். உபதேசத்தால் ஆகாததைக் கணக்குப் புத்தகம் செய்தது!

எம் நாட்டில் நிலை என்ன? 2021 மே மாதத்திலே கொழும்புக்கு அப்பால் "எக்ஸ்-பிரஸ் பேர்ள்" என்னும் கப்பல் தீப்பற்றி எரிந்தது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதிலே இருந்தன. அவை மேற்குக் கரையெங்கும் பனிபோலப் படிந்தன. நீர்கொழும்பு மீனவர் வலையை உலர்த்திவிட்டு வீட்டிலே இருந்தனர். நான்கு ஆண்டுகளின் பின்னர், 2025 யூலையிலே, கப்பற் தரப்பினர் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு வழங்கவேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நன்று. ஆயின் ஒரு கப்பல் ஒரு நாளிலே கொட்டினால் குற்றம். பல ஆலைகள் பல ஆண்டுகளாக வீதிதோறும் கொட்டினால் வியாபாரமா? இக்கேள்விக்கு ஆலைக்காரரும் அவரை ஆளும் அரசும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளனர்.

சட்டம் சந்தைக்கு வரவேண்டும்

சட்டம் இல்லையென்று எவரும் சொல்லமுடியாது. 20 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு, அல்லது அதனிலும் மெல்லிய பொலித்தீனுக்கு 2007 ஆம் ஆண்டிலேயே தடை வந்தது. அது தாளிலே உறங்கிற்று. 2017 ஏப்பிரில் 14, சித்திரைப் புத்தாண்டு நாளிலே, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட மக்களை உயிரோடு புதைத்தது. அதன் பின்னரே சட்டம் கண் விழித்தது. அவ்வாண்டு செப்டெம்பர் முதலாந் திகதி தொடக்கம் மெல்லிய பொலித்தீனும், சோறு சுற்றும் பொலித்தீன் தாளும், ரெஜிபோம் பெட்டியும், திறந்த வெளியிலே பிளாஸ்டிக்கை எரிப்பதும் தடுக்கப்பட்டன. 2021 இலே சிறு சஷே உறைகளுட் பல தடுக்கப்பட்டன. 2023 ஒக்ரோபரிலே ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் கரண்டி, கோப்பை, உறிஞ்சு குழாய் என்பவற்றோடு பிளாஸ்டிக் பூமாலையும் இடியப்பத் தட்டும் பட்டியலிலே சேர்ந்தன. 2025 நவம்பர் தொடக்கம் கடைகளில் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கலாகாது என்ற விதியும் வந்தது.

இத்தனை சட்டங்களுக்குப் பின்னரும் நாம் வந்த ஒழுங்கையிலே பை பறக்கின்றதே, ஏன்? கிழக்கிலே, அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில், பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் மாண்டதாக 2022 இலே செய்தி வந்ததே, ஏன்?

பிற நாட்டார் அனுபவம் விடை தரும். மெல்லிய பொலித்தீன் பையை முதன்முதல் தடுத்த நாடு வங்காளதேசம். பைகள் வடிகால்களை அடைத்து வெள்ளத்தைப் பெருக்கியதைக் கண்டு, 2002 இலே தடை விதித்தது. சணல் விளையும் நாடு அது. மாற்றுப் பொருள் காலடியிலே கிடந்தது. எனினும் சணற் பையை மலிவாக மக்கள் கையிற் சேர்க்கவும் ஆலைகளைக் கண்காணிக்கவும் தவறியதால், பொலித்தீன் பை மீண்டும் சந்தைக்கு வந்துவிட்டது. அதே 2002 இலே அயர்லாந்து, தடை விதிக்காமல், ஒவ்வொரு பைக்கும் 15 சதம் வரி விதித்தது. பையின் பாவனை நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் வீழ்ந்தது. வரி கடையிலேயே அறவிடப்பட்டது, கண்காணிப்பும் இருந்தது. தடையின் கடுமையைவிட அது நடைமுறையாகும் இடமே பெரிது என்பது இவ்விரு நாடுகளும் கற்பிக்கும் பாடம். வர்த்தமானியிலே வாழும் சட்டம் சந்தைக்கு வரவேண்டும்.

இன்னுமொன்று. சஷே உறையைத் தடுப்பது எளிது. நாட்கூலி பெறும் பெண் ஏன் அதனை வாங்குகிறாள் என்று எண்ணிப் பார்த்தோமா? ஒரு போத்தலின் விலை ஒருங்கே அவள் கையில் இல்லை. ஆதலால் ஒரு நாளைக்குரியதை ஒரு நாளைக்கு வாங்குகிறாள். கூட்டுறவுக் கடையிலே தேங்காயெண்ணெயை அளந்து விற்பதுபோல, சவர்க்கார நீரையும் ஷாம்பூவையும் அவள் கொண்டுவரும் போத்தலிலே அளந்து விற்றாலென்ன? அந்த ஏற்பாட்டைச் செய்யாமல் உறையை மட்டும் தடுப்பவர், ஏழையின் மீதே வரி விதிக்கிறார்.

சபைகளின் பங்கு

1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் குப்பை அகற்றும் கடமையைச் சபையின் தோளிலே வைத்துள்ளது. 2023 மார்ச்சிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக எம் சபைகள் மக்கள் பிரதிநிதிகள் இன்றி இருந்தன. 2025 மே மாதத்திலே தேர்தல் நடந்து, தெரிவானவர் ஆசனங்களில் அமர்ந்தனர். வாக்குக் கேட்டு வந்தபொழுது அவர்கள் இந்த ஒழுங்கை வழியாகத்தானே வந்தார்கள்? எந்த நாளிலே வண்டி வரும், எந்தக் குப்பையை எந்த நாளிலே அள்ளும் என்று வீடு வீடாக அறிவிக்க எவ்வளவு செலவாகும்? வண்டி வராத ஊரிலே, "எரிக்காதே" என்று சட்டம் சொன்னால், மக்கள் குப்பையைத் தின்பதா?

செல்வ நாடுகளின் பங்கையும் மறத்தல் ஆகாது. பாவித்த மெத்தை, கம்பளம் என்ற பெயரிலே 2017 தொடக்கம் 2019 வரை பிரித்தானியாவிலிருந்து எம் துறைமுகத்திற்கு வந்த கொள்கலன்களிலே மருத்துவமனைக் கழிவும் கலந்திருந்தது. நீதிமன்றக் கட்டளையின் பின்னர், 263 கொள்கலன்களும் 2022 பெப்ரவரிக்குள் திருப்பி அனுப்பப்பட்டன. தன் வீட்டைத் தூய்மையாக்க அயலான் முற்றத்திலே கொட்டுபவன் தூயவன் அல்லன். பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் ஒன்றை ஆக்க 2022 இலே நைரோபியில் நாடுகள் உடன்பட்டன. 2025 ஆகஸ்டிலே ஜெனீவாவில் கூடியும் முடிவின்றிக் கலைந்தன. ஆக்குவதைக் குறைப்பதா, அள்ளுவதைக் கூட்டுவதா என்பதே அங்கும் வழக்கு. எண்ணெய் விற்கும் நாடுகள் ஆக்குவதைக் குறைக்க இணங்கவில்லை. தச்சர் அங்கும் மேடையிலேதான் இருக்கிறார்.

எமது பங்கு

இவ்வளவும் பிறரைச் சொன்னோம். எம்மைச் சொல்லாது விடுவோமாயின் எம் பேச்சு அரைப் பேச்சாகும். இதோ, இம்மேடையிலே நீங்கள் அன்போடு எமக்கு வைத்திருக்கும் தண்ணீர் பிளாஸ்டிக் போத்தலிலே இருக்கின்றது. மூக்குப் பேணியும் செம்பும் எந்த வீட்டுப் பரணிலே கிடக்கின்றன? கோயிலிலே அன்னதானம் இடும்பொழுது வாழையிலையை ஒதுக்கிப் பொலித்தீன் தாளை விரிப்பவர் எவர்? குருத்தோலைத் தோரணத்தை அவிழ்த்துப் பிளாஸ்டிக் கொடியைக் கட்டியவர் எவர்? இவற்றை எந்த ஆலைக்காரரும் எம்மீது திணிக்கவில்லை.

சிக்கனம் எமக்குப் புதிதன்று. 1990 தொடக்கம் பொருளாதாரத் தடைக்குள்ளே வாழ்ந்த மக்கள் நாம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில துளி மண்ணெண்ணெயிலே விளக்கெரித்துப் பிள்ளைகள் படித்தனர். சைக்கிள் சில்லைச் சுழற்றி வானொலி கேட்டோம். அக்காலத்திலே ஒரு போத்தலையேனும் எவரும் எறியவில்லை. அந்த வாழ்வு மீண்டும் வரவேண்டுமென்று நாம் சொல்லமாட்டோம். சொல்பவர் அதனை வாழாதவர். தடை எம்மீது சுமத்திய வறுமை அது. ஆயினும் வற்புறுத்தலால் செய்யமுடிந்ததை விருப்பத்தால் செய்யமுடியாதா என்று எம்மை நாமே கேட்டுக்கொள்ளும் உரிமை எமக்குண்டு.

நாம் ஓலைப் பெட்டியைப் புகழ்கின்றோம். ஆனால் அதனை இழைக்கும் தாயின் கையைப் பார்த்தோமா? ஓலை வார்ந்து, சாயமிட்டு, நாள் முழுதும் இழைத்த உமலுக்கு நாம் பேரம் பேசுகின்றோம். கடையிலே பொலித்தீன் பைக்கு ஒரு வார்த்தை பேசுவதில்லை. பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருந்து வருகின்றது. கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. இவ்விரண்டும் சந்தைக் கடைகளும் ஒரு மேசையில் அமர்ந்து, ஊர் உமலை ஊர்ச் சந்தையிலே நியாய விலைக்கு விற்க வழிகாணுமாயின், சட்டம் தேடிய மாற்றுப் பொருள் எம் வேலிக்குள்ளேயே கிடைத்துவிடும். கூலி கட்டாத தொழிலிலே அத்தாயின் மகள் அமரமாட்டாள்; அமரவேண்டுமென்று வற்புறுத்தவும் எமக்கு உரிமையில்லை.

ஆகவே, இந்த வாசிகசாலை இன்று இயற்றவேண்டிய தீர்மானங்களை முன்வைத்து அமைகின்றோம்.

முதலாவது: பொதி உறையை ஆக்குபவரும் இறக்குமதி செய்பவரும் அதனைத் திரும்பப் பெறும் செலவை ஏற்கும் சட்டத்தை அரசு ஆக்கி, அதனை நடைமுறையிலும் காட்டவேண்டும்.

இரண்டாவது: பிரதேச சபை குப்பை வண்டியின் நாட்களை வீடுதோறும் அறிவித்து, வகை பிரித்து அள்ளவேண்டும். வண்டி வராத நாளை இவ்வாசிகசாலை ஒரு கொப்பியிலே குறித்து, மாதந்தோறும் தவிசாளருக்கு அனுப்பவேண்டும்.

மூன்றாவது: இவ்வூர்க் கோயில்களிலும் மண்டபங்களிலும் நடைபெறும் பந்திகளிலே வாழையிலைக்கே இடமளிக்கவேண்டும்.

நான்காவது: ஒவ்வொரு வீடும் ஓர் உமலை அதன் உரிய விலைக்கு வாங்கவேண்டும், கிணற்றின் அருகே நெருப்பு மூட்டுவதை இன்றோடு விடவேண்டும்.

முதலிரண்டும் அதிகாரம் உள்ளவரிடம் நாம் கேட்பவை. பின்னிரண்டும் எம்மிடம் நாமே கேட்பவை. பின்னிரண்டையும் செய்யாமல் முன்னிரண்டையும் கேட்போமாயின் எம் குரல் எடுபடாது. பின்னிரண்டை மாத்திரம் செய்துவிட்டு முன்னிரண்டையும் கேளாமல் விடுவோமாயின், அச்சு முறிந்த தேரின் வடத்தை ஆயுள் முழுதும் இழுத்துக்கொண்டிருப்போம்.

அடுத்த ஆண்டு விழாவுக்கும் எம்மை அழைப்பீர்களென நம்புகின்றோம். அழைத்தால் அந்த ஒழுங்கை வழியாகவே வருவோம். அக்கிணற்றிலே ஒரு வாளி நீர் அள்ளிச் செம்பிலே தாருங்கள். அஞ்சாமல் அருந்திவிட்டுப் பேசத் தொடங்குவோம்.